பஸ்ஸில் வைத்துப் பார்த்து வாங்கிய லேப்டாப்

என் மனைவிக்குக் காலேஜில் இடம் கிடைத்துவிட்டது என்று போனில் செய்தி வந்த அன்று, வீட்டில் முதலில் துள்ளிக் குதித்தது அவள் இல்லை, எங்கள் மகன்.

"அப்போ லேப்டாப் வாங்கணும்!" என்றான். அம்மாவுக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிவிட்டு அதற்குப் போயிருக்கலாம். அந்தப் பொறுமை அவனுக்கு ஏது?

"முதல்ல அம்மாவைப் பாருடா," என்றாள் மகள்.

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் சரியாக இருக்கிறதா, வேறு யாருக்கோ போக வேண்டியது தவறி வந்துவிட்டதா என்று பார்க்கிறாளாம். கடைசியில் என்னிடம் நீட்டினாள். "நீங்களும் ஒரு தடவை படிங்க."

படித்தேன். அவள் பெயர்தான். புவியியல் பட்டப்படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் மாலையில் நேரில் போக வேண்டும், மற்ற வகுப்புகள் ஆன்லைனில்.

என் மனைவி ஸ்கூல் பஸ் ஓட்டுகிறாள். பதினொரு வருஷமாக அதே வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றதற்குப் பெரிய சோகக் கதை ஒன்றும் கிடையாது. வேலை வந்தது, நான் வந்தேன், பிள்ளைகள் வந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் மேப் என்றால் அவளுக்கு உயிர். புது ஊருக்குப் போனால் நாங்கள் மூன்று பேரும் சாப்பாட்டுக் கடை தேடுவோம். அவள் ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, கடைத்தெரு ஏன் மேட்டில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். "கடைக்காரங்க எல்லாம் அங்க இருக்காங்க, அதான்," என்பேன். முறைப்பாள்.

நான் ரொட்டி ஃபேக்டரியில் அடுப்புப் பகுதியில் இருக்கிறேன். ஷிஃப்ட் மாறி மாறி வரும். ஊரே வேலைக்குக் கிளம்பும்போது நான் போர்வைக்குள் புகுந்துகொள்கிற நாட்கள்தான் அதிகம். படிப்பு விஷயத்தில் அவளுக்கு நான் என்ன உதவி செய்ய முடியும்? ஒரு மேஜை போட்டுக் கொடுக்கலாம் என்று தோன்றியது. மூடப்போகிற ஆபீஸ் ஒன்றில் பழைய மேஜை விலைக்கு வந்தது. அதை வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்து, படுக்கையறை ஜன்னலோரம் போட்டேன். மேலே ஒரு விளக்கு. பக்கத்தில் புத்தகம் வைக்க இரண்டு தட்டு. நம் கையால் செய்த காரியத்தை நாமே மெச்சிக்கொள்ளக் கூடாதுதான், ஆனாலும் தினம் நாலு தடவை அந்த அறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அவள் மேஜையைத் தடவிப் பார்த்தாள். "ரொம்ப அழகா இருக்கு," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப் பேச்சுதான். மகன் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். கேம் விளையாடுவதற்கென்றே செய்த பெரிய லேப்டாப் ஒன்றைப் போனில் காட்டினான். அதன் கீபோர்டில் கலர் கலராக விளக்கு எரிந்தது. "அம்மா படிக்கட்டும், மத்த நேரம் நான் பார்த்துக்கறேன்," என்றான். அவன் பெருந்தன்மையை என்னவென்று சொல்வது! மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். அவளுக்கு லேப்டாப் ஒல்லியாக இருக்க வேண்டும், பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். "கிளாஸ்ல எல்லாரும் பார்ப்பாங்கம்மா, பழைய டிரங்குப் பெட்டி மாதிரி எடுத்துட்டுப் போகாதே." நான் வாரண்டி கட்சி. எது கெட்டுப்போனால் அதிக நாள் இலவசமாகப் பார்த்துக் கொடுப்பார்களோ அதுதான் நல்லது என்பது என் கொள்கை.

ஆளாளுக்குப் பேசினோம். படிக்கப் போகிறவளை யாரும் கேட்கவில்லை. பின் சீட்டில் பிள்ளைகள் சண்டை போடுவதைத் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்ப்பாளே, அதே பார்வையோடு அவள் சாப்பிட்டு முடித்து எழுந்துபோனாள்.

விடுமுறை நாளில் நான்கு பேரும் கடைக்குப் போனோம். பெரிய கடை. வரிசை வரிசையாக லேப்டாப்புகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க விற்பனையாளர் ஒருவர் ஓடி வந்தார். அந்தப் புழுக்கத்திலும் கழுத்து இறுக டை கட்டியிருந்தார். "டைக்காரர் வர்றாரு," என்று மகன் முணுமுணுத்தான். எங்கள் வீட்டில் அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது.

"வாங்க சார், யாருக்குப் பார்க்கறீங்க?"

"காலேஜ் ஸ்டூடண்ட்டுக்கு," என்றேன்.

அவர் நேராக மகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா படிக்கறீங்க? உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு பாருங்க." பொன்னிறத்தில், விரல் தடிமன்கூட இல்லாத ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மறுப்பதற்கு மனமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"படிக்கப் போறது நான்," என்றாள் என் மனைவி.

டைக்காரர் அசடு வழிந்தார். "ஓ! ரொம்ப சந்தோஷம் மேடம். அப்போ உங்களுக்கு சிம்பிளா ஒண்ணு போதும். வீடியோ பார்க்கலாம், சமையல் குறிப்பு பார்க்கலாம்..."

"செத்தாரு," என்றான் மகன் என் காதோரம்.

"சமையல் எங்க வீட்ல பாதி நாள் இவர்தான் பண்றார்," என்று என்னைக் கைகாட்டினாள் அவள். "நான் மேப் வரையப் போறேன். மேப் சாஃப்ட்வேர் எதுல நல்லா ஓடும், அதைச் சொல்லுங்க."

டைக்காரர் விலை அட்டையைப் படிக்கக் குனிந்தார். மகன்தான் முந்திக்கொண்டான். "அம்மா, அதுக்கு மெமரி நிறைய இருக்கணும். பதினாறு ஜிபி இருந்தா திணறாம ஓடும். இதை நான் கேமுக்காகச் சொல்லல, சத்தியமா."

"இது உருப்படியான பேச்சு," என்றாள் அவள். அவன் காட்டிய பெரிய லேப்டாப்பைத் தூக்கிப் பார்த்தாள். "இதைச் சுமந்தா டிகிரி வர்றதுக்கு முன்னாடி இடுப்பு வலி வந்துடும்." கீழே வைத்துவிட்டாள். பிறகு மகளிடமிருந்து பொன்னிறத்தை வாங்கிக்கொண்டாள். அதற்கு மேல் அவள் செய்ததுதான் எங்களுக்குப் புரியவில்லை. வாசல் கண்ணாடிக் கதவோரம் வெயில் விழுகிற இடத்துக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தாள். இப்படித் திருப்பினாள், அப்படிச் சாய்த்தாள்.

"என் மூஞ்சிதான் தெரியுது," என்றாள்.

"ஏம்மா வெயில்ல போய் உட்கார்றே?" என்றாள் மகள். "வீட்ல அப்பா மேஜை போட்டிருக்காரே."

அவள் லேப்டாப்பை மெல்ல மூடினாள். என்னைப் பார்க்காமல் சொன்னாள். "வீட்ல இல்ல. நான் பஸ்ல படிக்கலாம்னு இருக்கேன்."

என் முகம் தொங்கிப்போனது எனக்கே தெரிந்தது. மறைக்க முயற்சி செய்தேன். அது இன்னும் மோசமாக இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் டைக்காரர் பக்கத்திலிருந்த கம்ப்யூட்டரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அன்று எதுவும் வாங்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பிள்ளைகள் இரண்டு பேரும் தேவைக்கு மேல் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் எனக்கு மாலை ஷிஃப்ட். பகல் சும்மாதான் இருந்தது. படுத்துப் பார்த்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. பஸ்ஸில் அப்படி என்னதான் இருக்கிறது? பார்த்துவிடுவோம் என்று எழுந்தேன். மகள் காலேஜுக்கென்று வைத்திருக்கிற பழைய லேப்டாப்பை அவளிடம் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

காலை டிரிப் முடிந்த பஸ்களை ஒரு விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். மறுபடி பள்ளி விடும் நேரம் வரைக்கும் அங்கேயேதான். டிரைவர்கள் வீட்டுக்குப் போய் வர நேரம் கட்டாது. அந்த இடைவேளையில் அவள் தூங்குவாள், இல்லாவிட்டால் ஊர்வம்பு பேசுவாள் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாளும் போய்ப் பார்த்ததில்லை.

இரண்டு பஸ்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"ஓ, டீச்சர் வீட்டுக்காரரா? அந்தக் கடைசி வண்டி."

"டீச்சரா?"

"எப்பப் பாரு புத்தகமும் கையுமா இருந்தா வேற என்னன்னு கூப்பிடறது?" என்று சிரித்தார்.

என் மனைவிக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அவள் என்னைப் பார்த்ததும் பதறிவிட்டாள். "என்னங்க, பிள்ளைங்களுக்கு ஏதாவது...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா வந்தேன். ஏறலாமா, இல்ல டிக்கெட் எடுக்கணுமா?"

கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே கிரேயான் வாசனையும் பழத்தோல் வாசனையும் கலந்து அடித்தது. சீட்டுகளின் முதுகில் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கர்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் முதல் சீட்டுதான் அவள் இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது. ஒரு மெத்தை, ஜன்னலில் க்ளிப் போட்டு மாட்டிய பூப்போட்ட துணி, தண்ணீர் பிளாஸ்க், மூக்குக்கண்ணாடிக் கூடு, ஓரமெல்லாம் மடங்கிய பழைய அட்லஸ். நான் உட்கார்ந்தேன். எஞ்சின் ஆறுகிற சின்னச் சத்தம் மட்டும் எங்கேயோ கேட்டது. மற்றபடி அப்படி ஓர் அமைதி.

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வீட்ல அந்த மேஜை முன்னாடி உட்கார்ந்தா யாராவது அம்மான்னு கூப்பிடுவாங்க. கூப்பிடலன்னாலும் கூப்பிட்ட மாதிரியே எனக்கு இருக்கும். அடுப்பை அணைச்சேனான்னு தோணும். நீங்க ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கறீங்களேன்னு பக்கம் திருப்பக்கூட பயமா இருக்கும். இங்க, பிள்ளைங்களை இறக்கிவிட்டதும் ஒரு அமைதி வரும் பாருங்க. இத்தனை வருஷமா எனக்கு அது பழகிடுச்சு. இந்த சீட்ல உட்கார்ந்தாதான் எனக்குப் படிச்சது மண்டையில ஏறுது."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க அந்த மேஜையை இழைச்சு இழைச்சுப் பண்ணினீங்க. எனக்குச் சொல்ல வாய் வரல."

"வாய் வந்திருந்தா எனக்கு ஒரு டப்பா வார்னிஷ் மிச்சமாகியிருக்கும்," என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மனதில் உறுத்திக்கொண்டிருந்தது எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த மேஜை வீணாகவும் இல்லை. கேட்பாரற்றுக் கிடக்கிறதென்று அதற்குள் மகள் தன் புத்தகங்களையெல்லாம் அதில் பரப்பிக் குடியேறிவிட்டிருந்தாள்.

பையிலிருந்து மகளின் லேப்டாப்பை எடுத்தேன். "சரி, இங்க எப்படித் தெரியுதுன்னு பார்ப்போம்."

திறந்தால் கண்ணாடியேதான். அவள் முகம், என் முகம், பின்னால் ஜன்னல், மேலே வானம், எல்லாம் தெரிந்தன. எழுத்து மட்டும் தெரியவில்லை. வெளிச்சத்தைக் கூட்டினோம். கொஞ்சம் தெரிந்தது. ஆனால் நாங்கள் பேசி முடிப்பதற்குள் சார்ஜ் இறங்கிப்போய் அது அணைந்துவிட்டது.

"பஸ் பேட்டரில இருந்து ஒரு ஒயர் இழுத்தா என்ன?" என்றேன்.

"நல்லா இழுப்பீங்க. சாயங்காலம் வண்டி கிளம்பாது. அத்தனை பிள்ளைங்களும் நடந்துதான் வீட்டுக்குப் போகும்."

ஆக, என்ன வேண்டும் என்பது அந்த சீட்டில் உட்கார்ந்தபோது தெளிவாகிவிட்டது. முகம் பார்க்கிற பளபளப்புத் திரை கூடாது, வெயில் வெளிச்சத்திலும் எழுத்துத் தெரிய வேண்டும். ஒரு தடவை சார்ஜ் போட்டால் இடைவேளை முழுக்கத் தாங்க வேண்டும். மகன் சொன்ன மெமரி வேண்டும். தூக்குவதற்குக் கனமாக இருக்கக் கூடாது. அழகைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். இரண்டு தெரு தள்ளித்தான். டைக்காரர் என்னைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினார். விஷயத்தைச் சொன்னேன். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு, "திரையைப் பத்தி நான் இங்க எவ்வளவு சொன்னாலும் உங்களுக்கு நம்பிக்கை வராது சார். பஸ் எங்க நிக்குது?" என்றார். உள்ளே போய் மேனேஜரம்மாவிடம் பேசினார். அந்த அம்மா கண்ணாடிக் கதவு வழியாக என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் டைக்காரர் இரண்டு லேப்டாப்பும் ஒரு டிபன் பாக்ஸுமாக மைதானத்துக்கு வந்துவிட்டார். நானும் போயிருந்தேன். சின்னப் பிள்ளைகள் சீட்டில் அவர் உட்கார்ந்ததும் முழங்கால் தாடையைத் தொட்டது.

"ஸ்கூல் பஸ்ல ஏறி எத்தனை காலமாச்சு," என்றார். "சின்ன வயசுல தினம் வாந்தி எடுப்பேன் மேடம்."

"ஜன்னல் பக்கம் உட்கார்ந்துக்கங்க," என்றாள் என் மனைவி, வழக்கமான டிரைவர் குரலில்.

முதல் லேப்டாப்பில் எழுத்து நன்றாகத் தெரிந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதன் மின்விசிறி கொர்ரென்று இரைய ஆரம்பித்தது. வெளியே தெருவில் அது யாருக்கும் கேட்காது. அந்த அமைதியில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் குறட்டை விடுவது போல இருந்தது. "இது வேண்டாம்," என்று தள்ளிவிட்டாள். இரண்டாவது கறுப்பு. ஆபீஸ்களுக்கென்று செய்தது, எந்த அலங்காரமும் இல்லை. திரை கரும்பலகை போலப் பளபளப்பில்லாமல் இருந்தது. ஜன்னல் துணியை விலக்கி வெயிலை உள்ளே விட்டாள். எழுத்து அப்படியே நின்றது. முகம் தெரியவில்லை. பிறகு கீபோர்டில் விரலை வைத்து அடித்துப் பார்த்தாள். என்ன அடிக்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். தன் ரூட்டில் இருக்கிற நிறுத்தங்களை வரிசையாக அடித்துக்கொண்டிருந்தாள், முதல் பிள்ளை ஏறுகிற மருந்துக்கடை முனையிலிருந்து. கடைசி நிறுத்தம் வந்ததும் நிமிர்ந்தாள்.

"இதுதான்," என்றாள்.

"இதைவிடப் புதுசா, பளபளன்னு..." என்று டைக்காரர் பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டு, தானே நிறுத்திக்கொண்டார். "இல்ல மேடம். உங்களுக்கு இதுதான்." டையைத் தளர்த்திவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். எங்களுக்கும் கொடுத்தார். கிளம்பும்போது, இனிமேல் யார் லேப்டாப் கேட்டு வந்தாலும் முதலில் எங்கே உட்கார்ந்து வேலை செய்வீர்கள் என்று கேட்கப்போவதாகச் சொன்னார். கேட்கிறாரோ என்னவோ.

வீட்டில் வரவேற்பு சுமார்தான்.

"அம்மா, இது ஆபீஸ் பீரோ மாதிரி இருக்கு," என்றாள் மகள்.

மகன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "மெமரி எல்லாம் சரிதான். ஆனா இதுல ஒரு நல்ல கேம்கூட ஓடாதும்மா."

"ஓட்டறது என் வேலைடா," என்றாள் அவள். "அது பாட்டுக்கு ஒரு இடத்துல நிக்கட்டும்."

மகளுக்கு அடக்க முடியாத சிரிப்பு. மறுநாள் அவளே ஒரு கறுப்பு உறை வாங்கி வந்து, அதன் மூலையில் சின்னதாக ஒரு பஸ் படத்தைத் தைத்துக் கொடுத்தாள். இந்தப் பெண்ணுக்குத் தையல் தெரியும் என்பதும் எனக்குச் செய்திதான்.

முதல் ஆன்லைன் வகுப்பு நடந்த கதையை என் மனைவியே வந்து சொன்னாள். அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டோம். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

பேராசிரியை எல்லோரையும் கேமராவைப் போடச் சொன்னாராம். இவள் போட்டதும் பின்னால் வரிசை வரிசையாகச் சீட்டுகள். "நீங்க எங்கம்மா இருக்கீங்க? சினிமா தியேட்டரா?" என்று கேட்டாராம் பேராசிரியை. "இல்ல மேடம், வேலையில இருக்கேன். இது என் பஸ்," என்று இவள் சொன்னதும் திரையிலிருந்த முகங்களெல்லாம் இவளையே பார்த்தனவாம். எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பிள்ளைகள். இவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. கேமராவை அணைத்துவிடலாமா என்று கை போயிருக்கிறது.

அப்போது ஒரு மூலையில் ஒரு பையன் திரைக்கு மேலேயே வந்து முட்டுவது போல எட்டிப் பார்த்தானாம். "ஆன்ட்டி! பஸ் ஆன்ட்டி! நீங்களா?"

அவனை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்தில் தாடி வேறு. "நான்தான் ஆன்ட்டி, மருந்துக்கடை முனை. எப்பவும் லேட்டா வருவேனே, நீங்க ஹார்ன் அடிச்சுக்கிட்டே இருப்பீங்களே!"

"ஷூ லேஸ் கட்டாம ஓடி வருவியே, நீயா?"

வகுப்பே சிரித்துவிட்டதாம். பேராசிரியை அதைக் கண்டிக்கவில்லை. "ரொம்ப நல்லது. ஊரோட எல்லாத் தெருவும் தெரிஞ்ச ஒருத்தர் நம்ம கிளாஸ்ல இருக்காங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போனாராம். அன்றைய பாடம், ஓர் ஊர் எப்படி வளர்கிறது என்பது. இவள் இரண்டு தடவை கையைத் தூக்கிப் பதில் சொல்லியிருக்கிறாள். சொன்ன பதில்களை எங்களிடம் மறுபடி ஒருமுறை சொன்னாள். மேட்டுத் தெருக் கடைகள் மழை வெள்ளத்துக்குப் பயந்து அங்கே போனவையாம். எனக்கு அது புதுத் தகவல்.

இப்போதெல்லாம் வகுப்பு ஆரம்பிக்க ஒரு நிமிஷம் தாமதமானாலும் அந்தத் தாடிக்காரப் பையனிடமிருந்து அவளுக்கு மெசேஜ் வந்துவிடுகிறது. "ஆன்ட்டி, ஹார்ன் அடிக்கவா?"

எனக்கு மாலை ஷிஃப்ட் வருகிற வாரங்களில் நானும் மைதானத்துக்குப் போய்விடுகிறேன். அவள் முன் சீட்டில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு படிப்பாள். நான் கடைசி நீள சீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொள்வேன். வீட்டுக் கட்டிலில் வராத தூக்கம் அங்கே வருகிறது. கண்ணை மூடும்போது அவள் கீபோர்டில் தட்டுகிற சத்தம் கேட்கும், நடுவில் எப்போதாவது தனக்குத்தானே ஏதோ சொல்லிச் சிரிப்பாள். பள்ளி விடும் நேரம் நெருங்கினால் வந்து எழுப்பவெல்லாம் மாட்டாள். எஞ்சினை முடுக்கிவிடுவாள். பஸ் முழுவதும் ஒரு குலுக்கு குலுக்கும். நான் எழுந்து, தலையைக் கோதிக்கொண்டு, பெரியவருக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஃபேக்டரிக்குக் கிளம்புவேன்.